செங்காந்தளுக்குக் கண்ணீர் அஞ்சலி

பூவுக்காகப் போர் தொடுத்த நாடுகள் உண்டு. பூவைக் கொடியில் பொறித்துக்கொண்ட நாடுகளும் உண்டு. ஆனால் ஒரு பூச்செடிக்கு முறைப்படி மரண விசாரணை நடத்தி, 'கண்ணீர் அஞ்சலி' பேனர் வைத்து, மௌனம் அனுசரித்து, வந்தவர்களுக்குக் காபியும் கொடுத்து அனுப்பிய நாகரிகம் உலகத்தில் ஒன்றுதான். அது தருமபுரி மாவட்டத்தில், பொம்மிடி ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெயர் பசுமை நகர். அதன் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் அடியேன். தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருந்தால் நாட்டுக்கு நஷ்டம் என்று என் மனைவி அமுதவல்லியே சொல்லியிருக்கிறாள். "வூட்டுல இருந்தா எனக்கு நஷ்டம்" என்பதுதான் அவள் சொன்ன வாசகம். நான் அதைச் சற்று விரிவாகப் புரிந்துகொண்டேன்.

பசுமை நகரில் பச்சையாக இருந்தது பெயர்ப்பலகை மட்டும்தான். பூங்காவுக்கென்று விட்டிருந்த இடத்தில் முதலில் கொரியன் புல் பதித்தோம். வெயில் வந்தது, புல் போனது. பிறகு ரோஜா வைத்தோம். அது வெயில் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. குரோட்டன்ஸ் வைத்தோம். அதை ஆடு தின்றது, பிறகு ஆட்டுக்காரர் வந்து ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்று எங்களிடமே சண்டை பிடித்தார்.

அப்போதுதான் சேலத்தில் 'வறண்ட நிலத் தோட்டக்கலை' என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. சங்கத்தின் சார்பில் நான் போனேன். "உங்கள் மண்ணின் பூவை உங்கள் மண்ணில் வையுங்கள்" என்று ஒருவர் மேடையில் சொன்னார். என்னைப் பார்த்தே சொன்னது போலிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'கோடைக் காலப் பராமரிப்பு' என்று ஓர் அமர்வு. அந்த அமர்வைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அவ்வளவு நிம்மதியாக நான் வேறு எங்கும் தூங்கியதில்லை.

ஏரியூரில் என் மைத்துனன் மாது செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன் வீட்டு வேலியில் செங்காந்தள் படர்ந்து கிடக்கும். அந்தப் பக்கத்தில் கண்வலிப்பூ என்பார்கள். நான் நேராக அங்கே போய் நாட்டு மலர்களின் பெருமையை அவனுக்கு எடுத்துரைத்தேன்.

"வேலில கெடக்கறதுக்கு இவ்ளோ பேச்சா மாமா? கிழங்கு வேணும்னா தோண்டிக்குங்க" என்றான்.

தோண்டினேன். தோண்டியபடியே மேலும் எடுத்துரைத்தேன். அவன் செடியைப் பற்றி ஏதோ சொல்ல இரண்டு மூன்று தடவை வாயெடுத்தான். பெருமை இன்னும் பாக்கி இருந்ததால் நான் இடம் கொடுக்கவில்லை.

ஆடி மாதத்தில் நடவு விழா. 'மண்ணின் மகள் மண்ணுக்கு வருகிறாள்' என்று பேனர். சங்கத் தலைவர் சென்னப்பன் ரிப்பன் வெட்டினார். அவர் காவல் துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஓய்வு பெற்ற செய்தி அவர் குரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. செடியைச் சுற்றி இரும்புக் கிராதி போட்டுப் பூட்டினோம். வேலியில் தானாக வளர்ந்த செடிக்குப் பூட்டு எதற்கு என்று அமுதவல்லி கேட்டாள். மதிப்புள்ளது எதுவாக இருந்தாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று விளக்கினேன்.

சாவி காவேரியிடம் இருந்தது. பூங்காவைப் பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சங்கம் அமர்த்தியிருந்த பெண் அவள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள். கணவன் இல்லை. மகள் தேவிப்பிரியா பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தது. இந்த வேலை இருந்ததால்தான் ஊரில் பாதிப் பேரைப் போல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகாமல், மகளைப் படிக்க வைத்துக்கொண்டு இங்கேயே இருந்தாள். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பிறகு நடந்ததையெல்லாம் நடத்தினோம்.

செடி வளர்ந்தது. இலை நுனியால் கிராதியைச் சுற்றிப் பிடித்துப் பிடித்து மேலே ஏறியது. புரட்டாசியில் பூத்தது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, இதழெல்லாம் மேல்நோக்கி எரிகிற அடுப்பு மாதிரி. பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்குபவர்கள்கூட நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் நான் வைத்து ஒன்று பூத்தது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் என்னை 'பொம்மிடியின் பசுமைக் காவலர்' என்று ஒருவர் பாராட்டினார். அந்தப் பட்டத்தை அவருக்கு முதலில் யோசனையாகச் சொன்னது நான்தான் என்பது இங்கே தேவையில்லாத விவரம்.

பொங்கல் முடிந்தது. இலை மஞ்சளாகத் தொடங்கியது.

அவசரக் கூட்டம் கூட்டினோம். கூட்டத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவர் பஞ்சகவ்யம் ஊற்றினார். ஒருவர் டீத்தூள் போட்டார். ஒருவர் முட்டை ஓடு போட்டார். மனிதனுக்கு ஏற்றுகிற குளுக்கோஸ் பாக்கெட்டை ஒருவர் வேரடியில் பிரித்துக் கொட்டினார். பொருளாளர் தீர்த்தமலைக்குப் போய்த் தீர்த்தம் பிடித்து வந்து தெளித்தார். நான் என் பங்குக்குக் காலையிலும் மாலையிலும் அதன் பக்கத்தில் நின்று கவலைப்பட்டேன். இத்தனைக்கும் மசியாமல், மாசி பிறப்பதற்குள் செடி காய்ந்து சருகாகிக் கிராதியிலேயே தொங்கியது.

தலைவர் செய்தி கேட்டதும் முதலில் பூங்காவில் யாரும் எதையும் தொடக்கூடாது என்றார். பிறகு காவேரியை வரச் சொன்னார். நாற்காலியில் அவர் உட்கார, பக்கத்தில் நான் குறிப்பெடுக்க, விசாரணை தொடங்கியது.

"ஏம்மா, செடிய கடைசியா உசுரோட பாத்தது எப்போ?"

"முந்தாநேத்து காத்தால பாத்தேங்க சார். பாதி மஞ்சளா இருந்துச்சுங்க."

"மஞ்சளா இருந்தத ஏன் ரிப்போர்ட் பண்ணல?"

"நீங்க எல்லாருந்தான் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தீங்களே சார்."

"நான் பாத்தது வேற. நீ சொல்றது வேற. உனக்கும் செடிக்கும் முன்விரோதம் ஏதாச்சும் உண்டா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

"அப்போ தொடர்பு இருந்துச்சுன்னு ஒத்துக்கறே. சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டத்தாங்க."

தலைவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருடைய விசாரணை முறையில் சந்தேகத்துக்கே இடமில்லை. அதாவது வேறு யாரையும் சந்தேகிக்க இடமில்லை.

காவேரி கிராதியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்திட்டனோ என்னமோங்க சார். பூத்த சந்தோசத்துல ஊத்திட்டேன் போலருக்குது" என்றாள்.

மனசாட்சி உள்ளவர்களை விசாரிப்பது எவ்வளவு சுலபம் என்று அன்று கண்டுகொண்டேன். பஞ்சகவ்யக்காரர் வாய் திறக்கவில்லை. குளுக்கோஸ்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று நான் அழகான கையெழுத்தில் எழுதினேன். தீர்ப்பு: கவனக்குறைவால் மரணம். செடியே இல்லாத பூங்காவில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் எதற்கு என்று பொருளாளர் கேட்டார். அதில் இருந்த நியாயம் எங்கள் எல்லாரையும் கவர்ந்தது. காவேரி சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்து, மறைந்த மலருக்கு மரியாதை செய்ய வேண்டும். யோசனை என்னுடையது. ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன்.

"பேரு சொல்லுங்க சார்" என்றார் கடைக்காரர்.

"செங்காந்தள்."

"தோற்றம்?"

"போன ஆடி."

"மறைவு?"

"இந்தத் தை."

"அடக் கடவுளே, கைக்கொழந்தையா! போட்டோ இருந்தா அனுப்புங்க சார்."

அனுப்பினேன். போட்டோவைப் பார்த்துவிட்டு அவர் என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சைஸ் என்ன சார்?" என்றார். தொழில் தெரிந்தவர்.

பேனர் பிரமாதமாக வந்தது. இரண்டு புறா, ஒரு குத்துவிளக்கு, நடுவில் செங்காந்தள். அதன் கீழே 'ஆறாத் துயரில்' என்று போட்டு நிர்வாகிகள் எங்கள் படங்கள். இறந்தவரைவிட நாங்கள் சற்றுப் பெரிதாகத் தெரிந்தோம். ஆறாத் துயரில் இருந்த எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தோம். கைவசம் இருந்த போட்டோ அதுதான். ரயிலிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர் பேனரைத் தூரத்தில் பார்த்துவிட்டு மாலை வாங்கிக்கொண்டு வந்தார். "எந்த வூட்டுப் பொண்ணுங்க?" என்று என்னிடம் கேட்டார். அவரையும் உட்கார வைத்துக் காபி கொடுத்தோம். நான் இரங்கல் உரை ஆற்றியபோது அவர்தான் முதலில் அழுதார்.

இங்கே எங்கள் மாவட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னால்கூட, சொந்தக்காரர்கள் மூக்கில் கை வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் முச்சந்தியில் 'கண்ணீர் அஞ்சலி' வந்துவிட்டால் பேச்சே கிடையாது. பேனரில் ஏறியவர் ஏறியவர்தான். இறங்க வழியில்லை.

காவேரி சித்திரையில் பெங்களூருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது. வருத்தத்தை வாட்ஸப் குழுவில் பதிவு செய்தேன். நிறையப் பேர் கைகூப்பினார்கள்.

கோடை முழுக்க அந்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பினோம். கருங்கல் பீடம். அதன் மேல் ஃபைபரில் செய்து வண்ணம் அடித்த செங்காந்தள். உள்ளே விளக்கு. ஸ்விட்சைப் போட்டால் பூக்கும், அணைத்தால் வாடும். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், காவேரி வேண்டாம். வறண்ட நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டோம். திறந்து வைக்க மாவட்ட அளவில் ஒரு பிரமுகர் சம்மதித்தார். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. அழைப்பிதழும் அச்சாகிவிட்டது.

ஆனிக் கடைசியில் நல்ல மழை. மறு வாரம் காலை நடைக்குப் போனவன் பீடத்தின் ஓரத்தில் எதையோ பார்த்து நின்றேன். விரல் பருமனில் ஒரு முளை. நுனியில் இலை சுருண்டிருந்தது. செங்காந்தள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இது உண்மை. இந்த வரலாற்றில் என் வார்த்தையை அப்படியே நம்பக்கூடிய இடங்கள் குறைவு, இது அவற்றில் ஒன்று. வீட்டுக்கு ஓடி அமுதவல்லியிடம் சொன்னேன்.

"அப்போ அது சாகவே இல்லீங்களா?" என்றாள். அடுத்த வார்த்தை, "காவேரிக்குப் போன் போடுங்க."

முதலில் மாதுவுக்குப் போன் போட்டேன்.

"அது வருசா வருசம் படுக்கும் மாமா. மேல காஞ்சிடும், கிழங்கு உள்ள தூங்கும், மழைக்கு எழுந்துக்கும். இதுக்கா போன் பண்ணீங்க?"

"அன்னைக்கே சொல்றதுக்கென்னடா?"

"நீங்க எங்க பேச வுட்டீங்க?"

தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு விசாரணையைத் தொடங்கினார். இந்தத் தடவை நின்றுகொண்டிருந்தது நான்.

"செயலாளரே, பேனர்ல என்னா போட்டோம்?"

"மறைவுன்னு போட்டோம்ங்க."

"மௌனம் அனுசரிச்சோமா?"

"அனுசரிச்சோம்ங்க."

"அப்போ இது வேற செடி."

"அதே கிழங்குங்க, அதே எடம்..."

"கிழங்க நான் பாக்கல. யோசிச்சுப் பாருங்க. இது உசுரோட இருக்குதுன்னா அந்தப் பொம்பளைக்கு என்னா பதில் சொல்றது? நம்ம மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சுக்கறது? பேனர்ல வேற அவ்ளோ பெருசாப் போட்டாச்சு."

நான் யோசித்துப் பார்த்தேன். நான் எழுதிய 'ஒப்புக்கொண்டார்' ஞாபகத்துக்கு வந்தது. இரங்கல் உரை ஞாபகத்துக்கு வந்தது. 'பொம்மிடியின் பசுமைக் காவலர்' தூங்குகிற செடிக்குக் கருமாதி செய்தார் என்று ஊர் சிரிப்பது காதில் கேட்டது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள பாத்துக்குங்க" என்றார் தலைவர்.

"பாத்துக்கறதுன்னா என்னங்க?"

"என் சர்வீஸ்ல நான் அத யாருக்கும் வெளக்கிச் சொன்னதில்ல."

அன்றே முளையின் மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். அமுதவல்லி தினமும், "காவேரிக்குச் சொன்னீங்களா?" என்றாள். "நேர்லயே சொல்லணும்" என்றேன். அப்படியொரு சமாளிப்பு எனக்கு உடனே வந்தது. சர்வீஸ் வீண்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கையில் சின்னக் களைக்கொத்தோடு பூங்காவுக்குப் போனேன். சட்டியை எடுத்தேன். முளை வெளுத்து, வளைந்து, சட்டியின் ஓரத்துச் சந்து வழியாக வெளியே வரப் பார்த்திருந்தது. குனிகிற நேரத்தில் பின்னாலிருந்து, "சார்" என்று குரல் கேட்டது.

காவேரி. ஆடிப் பெருக்குக்கு ஊருக்கு வந்திருந்தாள். கறுத்து, இளைத்துப் போயிருந்தாள். நான் சட்டென்று முளையை இரண்டு காலுக்கும் நடுவில் விட்டு நின்று, வேட்டியை நன்றாகத் தழைய விட்டுக்கொண்டேன்.

"நல்லா இருக்கியாம்மா? பாப்பா படிக்குதா?"

"எங்கீங்க சார். இங்க தனியா வுட்டுட்டுப் போவ மனசு வரல. கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். என்னோடவே செங்கல்லு தூக்குது. பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டு மாசம் ஆவுது, இனிமே சேத்துக்குவாங்களோ என்னமோ."

நான் வருத்தப்பட்டேன். வேட்டிக்குள் முளை கணுக்காலில் பட்டது.

"வேல கேட்டு வரலீங்க சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். அந்தக் கண்வலிச் செடி என்னாலதான் செத்துச்சுங்களா? அங்க கட்டடத்துக்குத் தண்ணி ஊத்தறப்பல்லாம் அதுதான் நெனப்பு வருது. அவ்ளோ பூ பூத்துச்சே. நெசமா நான்தான் கொன்னுட்டனா சார்?"

நான் ஒரு அடி நகர்ந்தால் போதும். பேச வேண்டியதுகூட இல்லை.

"நடந்தது நடந்து போச்சு. இனிமே பேசி என்னம்மா ஆவப் போவுது" என்றேன். "மனசுல வெச்சுக்காத. சங்கம் உன்னை மன்னிச்சிருச்சு."

மன்னிப்பது எனக்கு எப்போதுமே சுலபமாக வரும். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். விழாவைப் பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அவள் மறைந்ததும் உட்கார்ந்தேன். மேலே காய்ந்தாலும் கிழங்கு மறுபடி எழுந்துகொள்ளும் என்று மாது சொன்ன பாடம் நினைவிருந்தது. ஆகவே ஆழமாகத் தோண்டினேன். கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்து, வெளுப்பாக, கனமாக இருந்தது. அத்தனை டீத்தூளையும் குளுக்கோஸையும் எங்களையும் தாங்கிக்கொண்டு, ஒரு கோடை முழுக்க உயிரைப் பிடித்து வைத்திருந்த கிழங்கு. கொத்தால் வெட்டி, காலிக் காபி டம்ளர்கள் போடுகிற சாக்கின் அடியில் திணித்தேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது அமுதவல்லி கேட்டாள். "காவேரியப் பாத்தேன். பூங்காப் பக்கமா வந்துட்டிருந்தா. பேசினீங்களா?"

"பேசிட்டேன். கும்பிட்டுட்டுப் போனா" என்றேன்.

"இப்பதாங்க எனக்கு நிம்மதி" என்று சொல்லி அவள் எனக்கு இன்னொரு காபி கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

விழா சிறப்பாக நடந்தது. பிரமுகர் ஸ்விட்சைப் போட்டார், ஃபைபர் செங்காந்தள் பூத்தது. பிறகு என்னைப் பேச அழைத்தார்கள். நான் அன்று பேசியது போல் வாழ்நாளில் பேசியதில்லை.

"பெரியோர்களே! எங்கள் செங்காந்தள் வெயிலால் சாகவில்லை. வறட்சியால் சாகவில்லை. இந்த மண்ணில் எதையும் தாங்கும் செடி அது. அதைக் கொன்றது ஒரு மனிதக் கை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டத்தின் கடைசியில், மகளோடு நின்றிருந்த காவேரி தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அந்தக் கையை அங்கே வந்திருந்த எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள். அதுதான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.